மாடு பார்க்க மாடு வேண்டும்

அத்தியாயம் 5

‘உங்களிடம் தற்சமயம் எத்தனை மாடுகள் உள்ளன?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது.

குணா பூஜ்யம் என்று தட்டினான். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. ‘மன்னிக்கவும். கால்நடை வைத்திருப்போர் மட்டுமே கால்நடைகளைப் பார்வையிட முடியும்.’

“மாடு பாக்கணும்னா மாடு வேணுமாம் மேடம்,” என்றான் குணா. “எனக்கு ரெண்டு வருஷம் வேலை கிடைக்காததுக்கும் இதையேதான் சொன்னாங்க. ஏற்கெனவே வேலை பாத்திருந்தாத்தான் வேலையாம்.”

அவனை உதவிக்கு வைத்திருக்கும் துப்பறியும் சுந்தரவல்லி சிரிக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தின் அந்த பிரவுசிங் சென்டரில், ஒருவர் உட்காரும் தடுப்புக்குள் மூன்று பேர் அடைந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் செல்லியம்மாள். முடிச்சூரில் மாடு வளர்த்துக் காலனிகளுக்குப் பால் ஊற்றுகிறவள். இப்போதைக்கு மாடு இல்லாதவள்.

அவளுடைய அல்லி திங்கட்கிழமை காணாமல் போனது. முடிச்சூர்க்காரர்கள் எல்லாரும் செய்வதைப் போலத்தான் அவளும் காலையில் மாட்டை அவிழ்த்து ரோட்டில் விட்டாள். ரோட்டு மாடுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பஸ் ஸ்டாப்பில் நின்று, காய்கறிக் கடை வாசலில் மேய்ந்து, சுவரில் இருக்கும் போஸ்டரைத் தின்று, சாயங்காலம் தானாக வீடு வந்து சேரும். அல்லி வரவில்லை. நிறைமாதச் சினை. இன்றோ நாளையோ கன்று போடும் நிலை.

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். ரோட்டில் விட்ட மாடு ரோட்டோடு போயிருக்கும் என்று ஆறுதலும் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அவள் சுந்தரவல்லியின் அலுவலக மாடிப்படி ஏறினாள்.

சுந்தரவல்லி செவ்வாய்க்கிழமையே போஸ்டர் அடித்து ஒட்டச் செய்தாள். ‘காணவில்லை. பெயர் அல்லி. நிறம் செவலை. இடது கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். வலது கொம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும்.’ முடிச்சூர் சாலை நெடுக ஒட்டியதில் பாதியை மற்ற மாடுகள் தின்றுவிட்டன. குணா பசைக்கு மைதா மாவு காய்ச்சியிருந்தான். மீதிப் பாதியில் ஒன்றைப் படித்த டீ மாஸ்டர் ஒருவர், அந்த மாட்டை ஒரு வேனில் ஏற்றியதைப் பார்த்ததாகச் சொன்னார். வேனில் மாட்டுத்தலைப் படமும், பக்கத்தில் மூன்று டபிள்யூவும் இருந்தனவாம்.

மூன்று டபிள்யூ வைத்த மாடு தாம்பரம் வட்டாரத்திலேயே ஒன்றுதான். கொட்டில் டாட் காம்.

அதை நடத்துகிற அச்சுதன் சிறுசேரியில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தவன். ஒருநாள் வேலையை உதறிவிட்டு, மாட்டு வியாபாரத்தில் வெளிப்படைத்தன்மை கொண்டுவரப் போவதாக அறிவித்தான். பத்திரிகைகள் அவனைக் கன்றுக்குட்டியோடு நிறுத்திப் படம் எடுத்தன. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, மாட்டுக்கு ஒரு கேமரா வைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஏலம். இருந்த இடத்திலிருந்தே உலகமே பார்க்கலாம் என்றான். உலகம் பார்க்கவும் செய்தது. கேபிள் டிவி போன நேரங்களில் குரோம்பேட்டைக் குடும்பங்கள் எருமை ஏலம் பார்த்துப் பொழுது போக்கின.

அந்தப் பார்வை இந்தப் புதன்கிழமை மூடிக்கொண்டது.

குணா கம்பெனிக்கு போன் செய்து காரணம் கேட்டான். எடுத்த பெண் முதலில் பாதுகாப்பு என்றாள். யாருடைய பாதுகாப்பு என்றதற்கு மாடுகளுடையது என்றாள். பார்த்தால் மாட்டுக்கு என்ன ஆகும் என்று அவன் விடாமல் கேட்டபோது, குரலைத் தாழ்த்தி, திருஷ்டி படுகிறது சார் என்றாள்.

“போஸ்டர் ஒட்டினது செவ்வாய்,” என்றாள் சுந்தரவல்லி. “திருஷ்டி புதன்கிழமை பட்டிருக்கிறது.”

செல்லியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று வெள்ளிக்கிழமை. ஏலம் பகல் பன்னிரண்டுக்கு முடியும். முடிந்த கையோடு வாங்கியவன் லாரி ஏற்றிவிடுவான். கேரளாவோ ஆந்திராவோ, எங்கே போனாலும் அந்த வயிற்றோடு லாரியில் அத்தனை தூரம் நின்றுகொண்டு போனால் தாயும் தங்காது கன்றும் தங்காது என்று அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அது அங்கே இருக்கிறதா இல்லையா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்.

“உனக்குத் தெரிந்தவர்களில் யாராவது இதில் சேர்ந்திருக்கிறார்களா?” என்று சுந்தரவல்லி கேட்டாள்.

செல்லியம்மாள் சற்று யோசித்தாள். “சிட்லபாக்கத்துல பிளாட்டு ஐயா ஒருத்தரு கீறாரும்மா. பால் வாங்குறவரு. கம்ப்யூட்டருல மாடு வெச்சிக்கீறேன்னு சொன்னாரு. ரிட்டேர் ஆன மனுசன், பாவம், மண்டை குழம்பிப் பூட்ச்சின்னு நெனச்சி அன்னிக்கு அரை ஆழாக்கு கூட ஊத்திட்டு வந்தேன்.”

தோத்தாத்ரிக்கு மண்டை குழம்பவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அதன் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். செருப்பை வாசலிலேயே விடச் சொல்லி உள்ளே அழைத்தவர், தம்மிடம் இருப்பது மாடு அல்ல என்று திருத்தினார். மாட்டில் எட்டில் ஒரு பங்கு. ஒரு பசுவை எட்டாகப் பிரித்து விற்கிறார்கள். பராமரிப்பு அவர்களுடையது, லாபம் நம்முடையது. காலனியில் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். யாரும் மாட்டை நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் திட்டத்தின் சிறப்பு.

“எட்டுல ஒண்ணுன்னா எந்த பார்ட்டு சார்?” என்று குணா மரியாதையாகக் கேட்டான். “பால் கொடுக்குற இடமா, வாலா?”

“அதெல்லாம் சர்டிஃபிகேட்ல போடலைப்பா,” என்றார் தோத்தாத்ரி. அந்தக் கேள்வி அவருக்கே இதுவரை தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவர் இந்து பேப்பரை விசிறி போல் விரித்துக் கீபோர்டை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டு அடித்தார். படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது.

முதலில் ஓர் எருமை. அதன் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். கேமரா மாட்டுக்கானது என்பதால் அவர்களின் தலை தெரியவில்லை. முண்டா பனியன் போட்ட ஒருவனும், வெற்றுடம்பில் துண்டு மட்டும் போட்ட இன்னொருவனும். திடீரென்று இருவரும் கையைக் கொடுத்துக்கொண்டார்கள். வெற்றுடம்புக்காரன் தன் துண்டை எடுத்து அந்தக் கைகளின் மேல் போட்டான். துண்டுக்குள் ஏதோ நெளிந்தது.

“இதோ, இந்த இடம்,” என்றார் தோத்தாத்ரி பக்தியோடு. “ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு சின்னப் பூஜை பண்ணிடறா. நான்கூட சேவிச்சுப்பேன்.”

குணா இரண்டு விநாடி அவரைப் பார்த்தான். பிறகு முடிந்தவரை மென்மையாக விளக்கினான். அது பூஜை இல்லை. அதுதான் வியாபாரம். தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் ஒருவர் விரலை இன்னொருவர் பிடித்து அழுத்துவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் விலை அடங்கிவிடும். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவன் சின்ன வயதிலிருந்து பார்த்தது.

“அப்போ இந்த ஏலம்?” திரையின் ஓரத்தில் எண்கள் ஏறிக்கொண்டிருப்பதைத் தோத்தாத்ரி காட்டினார். “நாங்கல்லாம் கேட்கிற விலை?”

“அது நீங்க பாக்குறதுக்கு சார். மாடு விக்கிறது துண்டுக்குள்ள.”

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உலகமே பார்க்கிற ஏலத்தில் உலகம் பார்க்க முடியாதது விலை ஒன்றுதான்.

ஒன்பதாவது மாடு வந்தது. செவலை. பெருத்த வயிறு. செல்லியம்மாள் திரைக்கு அருகே குனிந்தாள். மாடு மெல்ல முகத்தைத் திருப்பியது. ஒரு கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். ஒரு கொம்பு கீழே வளைந்திருந்தது.

அவள் முகத்தில் வந்த வெளிச்சம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

“இல்லம்மா,” என்று தரையில் உட்கார்ந்தாள். “இது வேற. அல்லிக்கு நான் கறக்கக் குந்துற பக்கம் வெள்ளைக் கண்ணு. பால் பீச்சச் சொல்லோ திரும்பித் திரும்பிப் பாக்கும். இதுக்கு அந்தாண்ட பக்கம் கீது.”

குணா போஸ்டரை எடுத்துச் சரிபார்த்தான். இடது என்பது மாட்டுக்கு இடதா பார்க்கிறவருக்கு இடதா என்று தன் முகத்திலேயே கையை வைத்துக் குழம்பினான். செல்லியம்மாளுக்குக் குழப்பம் இல்லை. அல்லிக்கு இடது கண், வலது கொம்பு. இதற்கு வலது கண், இடது கொம்பு. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வராத அழுகை.

அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்து நின்றது. இந்த பிராட்பேண்ட் எப்போதும் இப்படித்தான் என்று தோத்தாத்ரி மன்னிப்புக் கேட்டார். உறைந்த படத்தில் மாட்டின் பின்னால் அதே இரண்டு பேர், கைகளின் மேல் துண்டு. பனியன்காரனின் முன்கையில் ஒரு சேவல் பச்சை குத்தியிருந்தது.

சுந்தரவல்லி அந்தச் சேவலை வெகுநேரம் பார்த்தாள். எருமைப் படத்தை மறுபடி போடச் சொன்னாள். பிறகு இதை. பிறகு அதை.

“குணா, பல்லாவரம் சந்தையில் இடது கையால் மாடு பேசுகிற தரகரைப் பார்த்திருக்கிறாயா?”

“பீச்சாங்கையாலயா? ஒரு தபா அப்பிடிக் கைய நீட்னா, அப்புறம் அந்தாளு கிட்ட எவனும் கயிறு வாங்க மாட்டான் மேடம். மாடு வெளங்காதுன்னுவான்.”

“எருமையை வலது கையால் பேசியிருக்கிறான். இந்தப் பசுவை இடது கையால். அதுகூடப் போகட்டும். சேவலும் அல்லவா கை மாறி உட்கார்ந்திருக்கிறது.”

குணா திரையில் மூக்கு இடிக்கும் அளவு குனிந்தான். எருமைப் படத்தில் சேவல் வலது கையில். பசுப் படத்தில் இடது கையில்.

“வேறு மாடு என்றால் ஓர் அடையாளம் ஒத்துப்போகும், ஒன்று போகாது,” என்றாள் சுந்தரவல்லி. “இதில் எல்லாமே இருக்கிறது, எல்லாமே பக்கம் மாறி. இது மாடு இல்லை. கண்ணாடியில் தெரிகிற மாடு. நம் போஸ்டரைப் படித்துவிட்டு, மாட்டைத் திருப்ப முடியாததால் படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். எழுந்திரு செல்லியம்மா. சார், உங்கள் கார் ஓடுமா?”

கார் ஓடியது. ஓடியது என்று சொல்லுமளவு மட்டும் ஓடியது. வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையைத் தாண்டும்போது, உள்ளே இருக்கிற ஆமைகள் நம்மை முந்தப் போகின்றன என்றான் குணா. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் தன் எல்லாப் பெட்டிகளையும் நிதானமாகக் காட்டிவிட்டுப் போனது. செல்லியம்மாள் பின்சீட்டிலிருந்து தோத்தாத்ரியின் கைக்கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்தாள்.

கொட்டில் டாட் காமின் இரும்புக் கேட் யானை நுழையும் உயரம். ‘வெளிப்படைத்தன்மையே எங்கள் உயிர்’ என்று எழுதி, இறுக்கிச் சாத்தியிருந்தது. நேரில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்றார் வாட்ச்மேன். பார்ப்பதெல்லாம் இன்டர்நெட்டில்தான். தோத்தாத்ரி சர்டிஃபிகேட்டை நீட்டி, தாம் ஒரு மாட்டின் எட்டில் ஒரு பங்கு உரிமையாளர் என்றும், தம் பங்கைப் பார்க்க வந்திருப்பதாகவும் சொன்னார். மற்ற மூவரும் யார் என்று வாட்ச்மேன் கேட்டார்.

“ஐயாவோட பங்கு பின்னங்காலு,” என்றான் குணா. “ஒதைச்சா புடிக்கிறதுக்கு நாங்க.”

கேட் திறந்தது.

ஒன்பதாவது தடுப்பில் அல்லி நின்றுகொண்டிருந்தது. இடது கண்ணில் வெள்ளை வட்டம். வலது கொம்பு வளைந்து. செல்லியம்மாள் பெயரைச் சொன்னதும் கழுத்தைத் திருப்பி, நாக்கை நீட்டி அவள் முழங்கையை நக்கியது. வயிறு தளர்ந்து இறங்கியிருந்தது. அதற்கு நேர் பின்னால் ஒரு லாரி, பலகையை இறக்கித் தயாராக நின்றது.

அச்சுதன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தான். கோபப்படவே இல்லை. கோபப்படாமல் இருப்பதற்கும் ஏதோ பயிற்சி எடுத்தவன் போலிருந்தான்.

“மேடம், எந்த மாடும் கூப்பிட்டால் திரும்பும். உப்புக் கையாக இருந்தால் நக்கவும் செய்யும். இடது கண் வெள்ளை என்று தாம்பரம் முழுக்க நீங்களே போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு நாளைக்கு நூறு பேர் இதே கேட்டில் வந்து நிற்கலாம். அத்தனை பேருக்கும் நான் மாடு தர வேண்டுமா?”

படம் ஏன் திரும்பியிருக்கிறது என்று சுந்தரவல்லி கேட்டாள். வெப்கேமில் அப்படி ஒரு பட்டன் இருக்கிறது, பையன்கள் தெரியாமல் தட்டியிருப்பார்கள், சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்றான். மாடு எங்கிருந்து வந்தது என்றதற்குக் கையைத் தட்டி ஓர் ஆளைக் கூப்பிட்டான்.

வந்தவன் ரங்கன். முண்டா பனியன், வலது முன்கையில் சேவல். மாடு வந்தவாசிச் சந்தையில் தான் வாங்கியது, காலில் விழுந்து வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன் என்றான். யார் காலில் என்று குணா கேட்டான். படம், கண்ணாடி என்று இவர்கள் பேசியதெல்லாம் அவனுக்குப் புரிந்ததாகவும் தெரியவில்லை. திரை இருக்கிற அந்தக் கண்ணாடி அறைக்குள் அவன் போனதே இல்லை. ஏசி காற்று ஒத்துக்கொள்ளாதாம்.

ஆக, இரண்டு சாட்சி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நக்கப்பட்ட ஒரு முழங்கை. சுந்தரவல்லி ஸ்டேஷனுக்கு போன் செய்தாள். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வந்தவாசி என்று ஒருத்தன் சொல்கிறான், முடிச்சூர் என்று ஒருத்தி சொல்கிறாள், மாடு என்ன சொல்கிறது என்று கேட்டார்.

லாரிக்காரன் கயிற்றோடு இறங்கினான்.

சுந்தரவல்லி சண்டை போடவில்லை. குணாவைத் தள்ளி அழைத்துப் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். குணா செல்போனோடு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவள் திரும்பி வந்து அச்சுதனிடம், போகிறோம், போவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள் என்றாள். மறைக்க எதுவும் இல்லையென்றால் இந்த மாட்டின் ஏலத்தை மட்டும் பழையபடி எல்லாரும் பார்க்கத் திறந்துவிடலாமே.

பாதுகாப்புப் பிரச்சினை என்று அச்சுதன் ஆரம்பித்தான். அதுவரை வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்த தோத்தாத்ரி இப்போது பேசினார்.

“மிஸ்டர் அச்சுதன், எங்க காலனியில பன்னெண்டு பேர். நாங்க பூஜைன்னு கும்பிட்டதெல்லாம் என்னன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் இப்போ வீட்டுக்குப் போய் சங்கத்துல மீட்டிங் போடலாம். இல்லே, நீங்க அந்தப் பட்டனைத் தட்டலாம்.”

அச்சுதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பன்னிரண்டு பங்குதாரர்கள் ஒரு பக்கம். மறுபக்கம், வெட்டியாக உட்கார்ந்து பார்க்கப் போகிற சில குரோம்பேட்டைக் குடும்பங்கள். அவர்களுக்கு மாட்டில் முன்பக்கம் எது என்பதே சந்தேகம். உள்ளே போய்த் தட்டினான். திருப்பிய படத்தை மட்டும் நேராக்கவில்லை. அந்த மாடு அந்தத் திரையில் எல்லாருக்கும் வேறு மாடாகவே இருக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஏலம் முடியும் நேரம். ரங்கனும், படத்தில் பார்த்த அந்த வெற்றுடம்பு வெளியூர்த் தரகரும் கடைசி விலை பேச ஒன்பதாவது தடுப்பில் கை கோத்தார்கள். மேலே துண்டு விழுந்தது. திரையில் எண்கள் தம் பாட்டுக்கு ஏறின. துண்டுக்குள் விரல்கள் தம் பாட்டுக்குப் பேசின. செல்லியம்மாள் அல்லியின் கழுத்துக்கயிற்றை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். லாரிக்காரன் மறுமுனையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.

ரங்கனின் செல்போன் அடித்தது.

முதல் தடவை எடுக்கவில்லை. விடாமல் அடிக்கவும், துண்டுக்கு வெளியே இருந்த கையால் எடுத்துக் காதில் வைத்தான். மறுமுனைக் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி அலறியது.

“மச்சான், இன்னா பண்ணிகினு கீறே அங்க?”

பேசியது அவன் அக்கா புருஷன். பல்லாவரம் சந்தைக்குப் புறா விற்க வந்தவர். சந்தையை ஒட்டி பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தாவீது, குணாவின் சிநேகிதன். அவன் ஐந்து நிமிஷத்துக்கு முன் திடீரென்று கடை வாசலில் நின்று, இன்று மாட்டு ஏலம் இலவசம், தரகர்கள் எல்லாரும் வரலாம் என்று கூவியிருக்கிறான். வெள்ளிக்கிழமை. சந்தையில் தரகர்களுக்குக் குறைவில்லை. நாற்பது பேர் ஒரு திரையைச் சுற்றி நின்றார்கள். சேவலைப் பார்த்ததும் அது யார் கை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அது எந்தக் கை என்பதும்.

ரங்கன் முதலில் நம்பவில்லை. குடித்திருக்கிறாயா என்று அவரைக் கேட்டான். குடித்தது நீதான், இத்தனை பேர் காறித் துப்புகிறார்கள், இனிமேல் உன்னிடம் யார் கயிறு மாற்றுவான் என்று பதில் வந்தது. ரங்கன் துண்டை உதறிவிட்டுக் கண்ணாடி அறைக்கு ஓடினான். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் திரையைப் பார்த்தான். தடுப்பில் அவன் விட்டுவந்த இடம் காலியாக இருந்தது. எதிர்த் தரகர் மட்டும் கையை இன்னும் நீட்டியபடி நின்றார். இடது கை.

ரங்கன் தன் வலது கையைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

“யோவ்,” என்றான் அச்சுதனிடம். “எங்கப்பன் காலத்துலேர்ந்து இந்தக் கைய்யால யாவாரம் பண்ற குடும்பம்யா. உலகத்துக்கே என்னைப் பீச்சாங்கையா காட்டிட்டியா?”

சின்ன டெக்னிக்கல் விஷயம் என்று அச்சுதன் சொன்னான். மேஜை மேல் இருந்த ஏல அறிவிப்பு மைக் திறந்திருக்கிறது என்று ஜாடை காட்டினான். ரங்கனுக்கு ஜாடை தெரியவில்லை.

“மாடு திருட்டு மாடுன்னு எனக்குத் தெரியும். முடிச்சூர் ரோட்டுல உன் வேன்காரன் புடிச்சாந்து எறக்கச் சொல்லோ நானும்தானே கூட நின்னேன்? வந்தவாசின்னு சொல்லச் சொன்னே, சொன்னேன். அது யாவாரம். நாலு பேர் பண்றதுதான். பீச்சாங்கை இன்னாய்யா யாவாரம்?”

பல்லாவரத்தில் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரோம்பேட்டைக் குடும்பங்கள் கேட்டன. மாடு திருடியதை ஊரறியச் சொன்ன மனிதன், கை விஷயத்தில்தான் அழுதுவிடுவான் போல நின்றான்.

இந்த முறை சுந்தரவல்லியின் போன் அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனிலும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஜீப் கிளம்பிவிட்டது, அவனை வெளியே விடாதீர்கள் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, இனிமேலும் இதை இப்படி இலவசமாகப் பார்க்க முடியுமா என்று விசாரித்தார்.

லாரிக்காரன் கயிற்றை விட்டுவிட்டு, தான் வெறும் டிரைவர் என்று யாரும் கேட்காமலே சொன்னான். அச்சுதன் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாம் தெரியாமல் நடந்த தவறு என்று அறிக்கை ஒன்றைத் தட்டத் தொடங்கினான். அதை யாருக்கு அனுப்புவது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் அல்லி முன்னங்காலை மடித்தது.

பிறகு முழுக்கப் படுத்துவிட்டது. விலாப்பக்கம் ஒரு தரம் இறுகித் தளர்ந்தது. செல்லியம்மாள் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு முழங்காலிட்டாள். தண்ணி கொண்டா என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாமல் ரங்கன், டிரைவர், தோத்தாத்ரி மூன்று பேருமே ஓடினார்கள்.

கண்ணாடி அறையில் திரையின் மூலையில் ஓர் எண் மடமடவென்று ஏறிக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள். கொட்டில் டாட் காமின் சரித்திரத்தில் இத்தனை பேர் எந்த ஏலத்தையும் பார்த்ததில்லை. குணா வாயைப் பிளந்து அதைப் படித்துக்கொண்டே வந்தான்.

“யக்கா, ஊரே உங்க மாட்டைத்தான் பாத்துகினு கீது.”

செல்லியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே கம்பத்தில் அந்தச் சின்னக் கறுப்புக் கண், அல்லியின் பின்பக்கத்தைக் குறிவைத்து இறங்கியிருந்தது. அவள் எழுந்தாள். மூலையில் கிடந்த தவிட்டுக் கோணியை எடுத்து உதறி, கேமராவின் தலையில் கவிழ்த்தாள்.

“புள்ளை பெத்துக்கச் சொல்லோ என்னாத்துக்கு ஊரு?” என்றாள். “நீங்களும் அந்தாண்ட திரும்புங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். தரகர், டிரைவர், கணக்கு அதிகாரி, அச்சுதன், துப்பறியும் நிபுணர் சுந்தரவல்லி உட்பட எல்லாரும் தகரச் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். பின்னால் வைக்கோல் சரசரத்தது. செல்லியம்மாள் மாட்டிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டு, நெருங்கி, கேட்டருகே நின்றது. யாரும் திரும்பவில்லை.

ஈரமான மூட்டை ஒன்று தரையில் சரிந்ததுபோல் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தும்மல். ரொம்பச் சின்னத் தும்மல்.

“யக்கா,” என்றான் குணா, சுவரைப் பார்த்தபடியே. “இன்னா கன்னு?”

“கிடேரி,” என்றாள் செல்லியம்மாள். கொஞ்சம் பொறுத்து, “இப்போ பாக்கலாம்,” என்றாள்.